இடமும் வலமும்

இரண்டு கோப்புகளும் ஒன்றேயானால் டிஃப் வாய் திறக்காது. ஒரு வரிகூட அச்சிடாமல், தன்னை அழைத்த நிரலிடம் 0 என்ற எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு முடிந்துபோகும். வேறுபாடு இருந்தால் 1. கோப்பைத் திறக்கவே முடியவில்லை என்பதுபோல் ஏதாவது சிக்கல் என்றால் 2. சொல்ல ஒன்றும் இல்லாதபோது பேசாமல் இருப்பது, பழைய யூனிக்ஸ்காரர்கள் தங்கள் நிரல்களுக்குப் பழக்கிய குணம். இன்றைய செயலிகள் சின்ன வேலைக்கெல்லாம் தங்களுக்குத் தாங்களே கைதட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது அந்தக் குணத்தின் அருமை தெரிகிறது.

பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப், 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் உள்வேலையை ஜேம்ஸ் ஹன்ட்டும் அவரும் 1976இல் ஓர் அறிக்கையாக எழுதினார்கள். வேறுபாட்டைக் காட்டும் கருவி என்று பெயர் வாங்கியிருந்தாலும் உள்ளே அது தேடுவது ஒற்றுமையை. இரண்டு கோப்புகளிலும் முன்பின் மாறாமல் ஒரே வரிசையில் வரும் வரிகளைக் கோத்து, அப்படிக் கிடைக்கும் தொடர்களில் மிக நீளமானதைப் பிடித்துக்கொள்கிறது. அதில் சேராமல் வெளியே நின்றவை நம் கண்ணுக்கு வேறுபாடாக வருகின்றன. 1986இல் யூஜின் மையர்ஸ் இதற்கு விரைவான வழி ஒன்றைச் சொன்னார். இரண்டு கோப்புகளும் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சீக்கிரம் அதில் வேலை முடியும். கோப்பின் மாற்றங்களைப் பதிவு பதிவாகச் சேர்த்துவைக்கும் கிட், வேறெதுவும் சொல்லாவிட்டால் இன்றும் அந்த வழியில்தான் போகிறது.

*

எங்கள் வேலை இது: காப்புரிமைக் காலம் முடிந்த பழைய உரைநடை நூல் ஒன்று. ஒரு பக்கத்தை நான் தட்டச்சு செய்கிறேன். அதே பக்கத்தை நண்பர் தம் வீட்டில், என் கோப்பைப் பார்க்காமல், தனியே செய்கிறார். இருவர் கையும் ஒரே இடத்தில் ஒரே விதமாகத் தவறுவது அரிது என்பது இந்த முறையின் நம்பிக்கை. இரண்டையும் அருகருகே வைத்து, வேறுபடும் இடத்தில் மட்டும் அச்சு நூலைத் திறந்து பார்த்தால் போதும்.

இதற்கு வெளியிலிருந்து ஒரு கருவி எதற்கு, டெர்மினலிலேயே பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்குப் போதும். டெர்மினல் திரை ஒரே அளவுக் கட்டங்களால் ஆனது. 'கொ' என்றால் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வரவேண்டும் என்பது பல டெர்மினல்களுக்குப் பிடிபடுவதில்லை. கொம்பு ஓரிடத்தில் நிற்க, கால் பக்கத்து எழுத்தின்மேல் ஏறிக்கிடக்கும். அந்தத் திரையில் ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்று தேடுவது கண்ணுக்குத் தண்டனை. தனிச் சன்னலில் ஒப்பிட்டுக் காட்டும் மெல்ட் என்ற கருவி, எழுத்தை வரையும் பொறுப்பைப் பேங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நிரலகங்களிடம் விட்டுவிடுகிறது. இந்திய எழுத்துகளை ஒழுங்காகச் சேர்த்து வரையத் தெரிந்தவை அவை. தமிழ் தமிழாகத் தெரிகிறது. எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

*

மெல்ட்டைக் கிட்டோடு பொருத்தும் வேலை சில வரிகளில் முடிந்துவிடும். கிட்டின் அமைப்புக் கோப்பில் 'டிஃப்' என்ற தலைப்பின்கீழ், கருவி மெல்ட் என்று ஒரு வரி. லினக்ஸில் மெல்ட் எங்கே இருக்கிறது என்பதைக் கிட் பெரும்பாலும் தானே கண்டுகொள்ளும். விண்டோஸில் முழுப் பாதையையும் எழுதிக் கொடுப்பது நல்லது. 'டிஃப்டூல்' என்ற தலைப்பின்கீழ், ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம் என்று இன்னொரு வரி. இதை எழுதாவிட்டால் ஒவ்வொரு கோப்புக்கும் திறக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கும். கிட் அறியாத கருவியாக இருந்தால் அதை அழைக்கும் கட்டளையையும் நாமே எழுதவேண்டும். டாலர் குறியிட்ட லோக்கல், ரிமோட் என்ற இரண்டு பெயர்கள் அந்தக் கட்டளையில் இருக்கும். கிட் அந்த இடங்களில் கோப்புகளின் பெயரை நிரப்பிக்கொள்ளும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் வைக்கவேண்டும். அடைவின் பெயரில் ஓர் இடைவெளி இருந்தால்கூடக் கட்டளை இரண்டாக உடைந்துவிடும்.

கைவசம் உள்ள கோப்பை முந்தைய பதிவோடு ஒப்பிடும்போது இடப் பலகையில் தெரிவது, கிட் அந்த நேரத்துக்கு உண்டாக்கிய தற்காலிகப் படி. அதில் செய்த திருத்தம் சன்னலை மூடியதும் போய்விடும். வலப் பலகையில் இருப்பதே வட்டில் உள்ள கோப்பு. இரண்டும் ஒரே வெள்ளையில், ஒரே எழுத்துருவில், ஒரே உண்மைத்தன்மையோடு எதிரே நிற்கின்றன.

*

புதிதாகப் பொருத்திய கருவி காட்டும் வேறுபாடுகளில் பெரும்பகுதி நூலைப் பற்றியதாக இருப்பதில்லை. நான் லினக்ஸ்; நண்பர் விண்டோஸ். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறிகளை வைக்கிறது. ஒன்று உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளுவதற்கு, மற்றொன்று தாளை ஒரு வரி ஏற்றுவதற்கு. தட்டச்சுப்பொறி, தொலையச்சுக் காலத்து மிச்சம். லினக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறது. இந்த ஒரு குறியால், டிஃப்பை வெறுமனே ஓட்டினால் நூல் முழுக்க ஒவ்வொரு வரியும் வேறுபாடு. பிறகு, வரியின் கடைசியில் யார் கண்ணிலும் படாத வெற்றிடங்கள். சில பதிப்பிகள் கோப்பின் தலையில் சத்தமில்லாமல் வைத்துவிடும் மூன்று பைட்டுகள். வளைந்த மேற்கோள் குறி, நேரான மேற்கோள் குறி.

மெல்ட்டின் அமைப்புகள் பக்கத்தில் இவற்றைத் தள்ளிவிட வழி இருக்கிறது. வெற்று வரிகளைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கட்டம். இன்ன வடிவத்தில் வருவதைப் பொருட்படுத்தாதே என்று நாமே எழுதிச் சேர்க்கும் வடிகட்டிகள். கருவியைப் பொருத்துவதில் நான் அதிக நேரம் உட்கார்வது இந்தப் பக்கத்தில்தான். பார்க்க எழுத்தர் வேலைபோல் இருக்கும். ஆனால் எதை வேறுபாடாக எண்ணவேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் ஒப்பிடும் வேலையில் மனிதன் செய்யவேண்டிய பங்கு ஏறக்குறைய முடிந்தது. மற்றதை மெக்கில்ராய் காலத்திலிருந்தே இயந்திரம் செய்துகொண்டிருக்கிறது.

அந்த முடிவு எல்லா நூலுக்கும் ஒன்றாகவும் இருப்பதில்லை. உரைநடையில் வெற்று வரியைத் தள்ளலாம். செய்யுளில் தள்ளினால் இரண்டு பாட்டுகள் ஒட்டிக்கொண்டது தெரியாமலே போகும். வரியின் தொடக்கத்து வெற்றிடம் கட்டுரையில் அலங்காரம். பைத்தான் நிரலில் அதுவே பொருள், அதைக் கணக்கில் எடுக்காமல் ஒப்பிட்டால் நிரலையே ஒப்பிடவில்லை என்றாகும்.

மெல்ட்டில் எனக்கு மரியாதை வந்த இடம் ஒன்று உண்டு. வடிகட்டிகளால் எல்லா வேறுபாடும் மறைந்து இரண்டும் ஒன்றாகத் தெரியும்போது, அது மேலே ஒரு பட்டையை விரிக்கிறது: வடிகட்டி செயலில் இருக்கிறது, அது சிலவற்றை மறைத்திருக்கலாம், வடிகட்டாமல் பார்க்கிறீர்களா? நாம் பார்க்கவேண்டாம் என்று சொன்னதை நமக்கே நினைவூட்டும் பணிவு.

*

இவ்வளவும் செய்தபின், நிறமிட்ட ஒரு வரி. இடப்பக்கம் 'கொடுத்தான்'. வலப்பக்கமும் 'கொடுத்தான்'. எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒன்று. கருவி மட்டும் வேறு வேறு என்கிறது.

அது சொல்வது சரி. ஒருங்குறியில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின்னால் ஒகர உயிர்க்குறி ஒன்றை வைப்பது ஒரு விதம். ககரத்தின் பின்னால் எகரக் கொம்பு, அதன் பின்னால் கால் என்று இரண்டு குறிகளை வைப்பது மற்றது. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு என்பதால் முதலாவது ஆறு பைட்டு, இரண்டாவது ஒன்பது. திரையில் இரண்டும் ஒரே 'கொ'. இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. சேர்ந்த வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றும் முறையையும் வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் டிஃப் பார்ப்பது பைட்டை. தரம் என்ன சொன்னாலும் அதற்குக் காது கிடையாது. ஒப்பிடுவதற்குமுன் இரண்டு கோப்புகளையும் அந்த முறையில் செலுத்தி எடுக்கவேண்டும். கேடிஃப்3 என்ற இன்னொரு ஒப்பீட்டுக் கருவியில் இதுபோன்றவற்றுக்கு ஒரு முன்செயல் கட்டளை எழுத இடம் உண்டு.

ஏட்டுச் சுவடியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஓலையில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவம். கொம்பின் தலையைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டும் வழக்கத்தைப் 18ஆம் நூற்றாண்டின் வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ரகரமும் காலும்கூட ஒரே கோடுதான். 'கா' என்று படிப்பதா 'கர' என்று படிப்பதா என்பது படிப்பவர் பாடு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது உண்மையில் இரண்டு சொல், மூன்று சொல். யாப்பும் பொருளும் தெரிந்தவர் மட்டுமே பிரிக்க முடியும்.

அங்கே ஒரு வடிவத்துக்குள் பல சொற்கள். இங்கே ஒரு சொல்லுக்குள் பல வடிவங்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியாத வடிவங்கள். சுவடி படித்தவர்கள் எழுத்தை நம்பாமல் பொருளை நம்பக் கற்றார்கள். நாங்கள் கண்ணை நம்பாமல் பைட்டை நம்பக் கற்றுக்கொண்டிருக்கிறோம். இதில் எது முன்னேற்றம் என்று சொல்லத் தெரியவில்லை. வேலை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், துதிக்கை தூக்கிய ணை, லை, ளை, னை அச்சில் இருந்தன. நான் தட்டச்சு செய்யும் நூல் அந்தக் காலத்தது. ஆனால் ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறிகள். வடிவம் எழுத்துருவின் வேலை. தாளில் பளிச்சென்று தெரியும் அந்த மாற்றம் எங்கள் கோப்பில் இல்லவே இல்லை. ஒப்பிடும் கருவி எதுவும் அதைக் காட்டாது.

*

எல்லா இரட்டை வடிவங்களையும் அப்படி ஒரே அடியாக மாற்றிவிட முடிவதில்லை. 'கௌரவம்' என்று அடிக்கவேண்டிய இடத்தில் கெ, ள என்று இரண்டு எழுத்துகளை அடிப்பவர்கள் ஏராளம். ஔவையாரை ஒ, ள என்று பிரித்து அடிப்பதும் அப்படியே. தரத்தின் கணக்கில் இவை சமம் அல்ல; வேறு எழுத்துகள். எனவே ஒழுங்குபடுத்தும் நிரல் இவற்றைத் தொடாது.

நாமே ஒரு வடிகட்டி எழுதலாம். எகரக் கொம்பும் அடுத்து ளகரமும் வந்தால் ஔகாரக் குறி என்று கொள். எழுதி ஓட்டினால் முதலில் அடிபடுவது கெளுத்தி மீன். பிறகு தெளிவு, வெள்ளம், எல்லாம். சரி, ளகரத்துக்குப் பின்னால் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் என்று நிபந்தனையைச் சேர்க்கலாம். பெரும்பாலும் சரியாக வரும். அந்தப் 'பெரும்பாலும்' இருக்கும்வரை அதைத் தானாக மாற்ற விடுவதில்லை. நிறமிட்டுக் காட்டட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்ரீ என்பதும் இதே வகை. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். திரையில் ஒன்று.

*

பத்தி முழுவதையும் ஒரே வரியாக அடித்தால், ஓர் ஒற்றுக்காகப் பத்தி முழுவதும் நிறமாகும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று அடிக்கிறோம். 1974லேயே யூனிக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு எழுதிய கையேட்டில் பிரையன் கெர்னிகன் இதே யோசனையைச் சொல்லியிருக்கிறார். டிஃப் வெளிவந்த அதே ஆண்டு.

*

திரை வருவதற்குமுன்பும் ஒப்பிடும் இயந்திரம் இருந்தது. 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் படிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பிழை திருத்துவார்கள். திருத்துவதற்குமுன் அடித்த தாள்களை வீணாக்காமல் அவற்றையும் சேர்த்தே கட்டிவிடுவார்கள். வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் சார்ல்டன் ஹின்மன் ஐம்பதுக்கும் மேற்பட்ட படிகளை ஒப்பிட்டார். அதற்காக அவர் செய்த பொறியில், இரண்டு படிகளின் ஒரே பக்கம் கண்ணாடிகள் வழியாக ஒன்றின்மேல் ஒன்றாக விழும். விளக்குகள் மாறி மாறி எரியும். ஒன்றாக இருப்பது அசையாமல் நிற்கும். மாறியிருக்கும் எழுத்து துடிக்கும். 1930இல் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டதும் இதே உத்தியில்தான், வெவ்வேறு இரவுகளில் எடுத்த வானப் படத்தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து.

துடிப்பது எங்கே என்று பொறி சொல்லும். எது திருத்திய தாள், எது திருத்தாத தாள் என்பதை ஹின்மன்தான் சொல்லவேண்டியிருந்தது.

*

மூன்று பலகை கொண்ட ஒப்பீடு இந்த இடத்தில் கொஞ்சம் உதவுகிறது. ஒரே கோப்பை இருவர் தனித்தனியே திருத்தியிருந்தால், இருவரும் தொடங்கிய பொது மூலத்தைக் கிட் தன் பதிவுகளிலிருந்து எடுத்து நடுவில் வைக்கிறது. ஒருவர் தொடாத இடத்தில் மற்றவர் மாற்றத்தைக் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறது. இருவரும் ஒரே இடத்தில் கை வைத்திருந்தால் மட்டும் நம்மிடம் வருகிறது. மூலம் தொலையாமல் இருப்பதால் கிடைக்கும் வசதி இது.

சுவடிப் பதிப்பாசிரியருக்கு அந்த நடுப்பலகை கிடையாது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே. சாமிநாதையர் முன்னால் இருந்தவை படிகளும் படிகளின் படிகளும். அவர் பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் '(பி-ம்.)' என்று ஒரு குறி வரும், பிரதிபேதம் என்பதன் சுருக்கம். மேலே தாம் கொண்ட பாடம், கீழே தாம் கொள்ளாத பாடம். இணைக்கும் கருவிகளில் இடம், வலம் என்று அம்புகள் உண்டு. ஒன்றை அழுத்தினால் மற்றது மறையும். இரண்டையும் சேர்த்துக்கொள் என்ற வசதியும் சிலவற்றில் உண்டு, ஆனால் அது இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போய்விடும். ஒன்றைத் தேர்ந்து, மற்றதையும் தள்ளிவிடாமல், சிறிய எழுத்தில் அடியில் வைப்பதற்கு எந்தக் கருவியிலும் பொத்தான் பார்த்ததில்லை.

*

எங்களுக்கு மூலம் இருக்கிறது. அச்சு நூலாக மேசைமேல் இருக்கிறது. அதனால் நிறமிட்ட இடங்களில் தீர்ப்புச் சொல்வது சுலபம். கவலை நிறமில்லாத இடங்களைப் பற்றியது. நூலில் 'ஜநங்கள்' என்றிருக்கும். என் கை 'ஜனங்கள்' என்று அடிக்கும். நண்பர் கையும் அதையே அடிக்கும். இருவரும் ஒரே பள்ளிக்கூடத் தமிழில் வளர்ந்தவர்கள். 'அநேகம்' 'அனேகம்' ஆவதும் அப்படித்தான். இரண்டு கோப்புகளும் ஒத்துப்போகின்றன. டிஃப் 0 என்று சொல்லிவிட்டு முடிந்துபோகிறது. இருவர் தனித்தனியே அடிக்கும் முறையில் இதற்கு மருந்து இல்லை. ஒருவர் அச்சு நூலை உரக்க வாசிக்க, மற்றவர் கோப்பைப் பார்த்துவரும் பழைய அச்சகப் பழக்கத்துக்கே சில அத்தியாயங்களுக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. உரக்க வாசித்தாலும் ந, ன வேறுபாடு காதில் விழாது என்பதால் 'தந்நகரம்', 'றன்னகரம்' என்று சொல்லிச் சொல்லி வாசிக்கிறோம். சலிப்பான வேலைதான்.

*

தமிழ் மின்னூல் வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் ஏற்றிய நூல்கள் பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாறி வந்திருக்கின்றன. நம் கையில் கிடைக்கும் கோப்பு அப்படிப் பல கை மாறி வந்ததாக இருக்கலாம். அதை எடுத்ததும் வந்தபடியே ஒரு பதிவாகப் போட்டுவையுங்கள். வரி முடிவு, வெற்றிடம், கொம்பும் காலும் சேர்ந்த வடிவம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துவதை இரண்டாவது பதிவாகச் செய்யுங்கள். அதில் ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். சொற்பிழை திருத்தத்தை மூன்றாவது பதிவிலிருந்து தொடங்குங்கள். இரண்டையும் ஒரே பதிவில் கலந்துவிட்டால், நீங்கள் திருத்திய நூறு சொற்கள் எவை என்று உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு எந்தக் கருவியாலும் எளிதில் காட்ட முடியாது.